லொட்ஜுக்குப் போன சுழற்கிண்ணம்

நான் கோபத்தில் போட்ட சத்தத்துக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் நின்றிருக்கிறது. மருதானையிலிருந்து காலிப் பக்கம் போன ரயில். எஞ்சின்காரர் தலையை வெளியே நீட்டி, "என்ன நோனா, என்ன நடந்தது?" என்று கேட்டார். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுகிறேன். அந்த ரயில் வெள்ளவத்தையில் எப்படியும் நிற்கிற ரயில். தலையை நீட்டியவரும் எஞ்சின்காரர் இல்லை, வெற்றிலை துப்ப வந்த ஒரு பிரயாணி. ஆனால் கோபத்தில் ஒரு சொட்டும் கூட்டவில்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

கோபத்துக்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்தின் பவளவிழா மலர். பாதி ஆயுள் அங்கே புவியியல் படிப்பித்தவள் என்று எனக்கு ஒரு பிரதி இலவசமாய் அனுப்பியிருந்தார்கள். மினுங்குகிற தாள், நல்ல கனம், கதவுக்கு அண்டை கொடுக்கலாம். நடுவில் 'எமது மாணவிகளின் சாதனைகள்' என்று ஒரு பகுதி. விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் மாணவி ஒருத்தியையும் காணவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பெற்றார் ஆசிரியர் சங்கத்தின் முன்னாள் தலைவர் பாலசுந்தரம் சிரித்துக்கொண்டு நிற்கிறார். படத்துக்குக் கீழே 'சுழற்கிண்ணங்களின் காவலர்' என்று போட்டிருக்கிறார்கள். காவலர். அந்தச் சொல்லை வாசித்தபோதுதான் எனக்கு ரயிலை நிறுத்துகிற குரல் வந்தது.

அந்தக் கிண்ணங்களுக்காகத் தேய்ந்த செருப்பெல்லாம் பிறிஜெற்றின் செருப்பு. பிறிஜெற் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை. அவளுக்கு மலரில் கிடைத்தது ஒரு வரி: 'உடற்பயிற்சி ஆசிரியைகளும் பங்களித்தனர்.' பெயர்கூட இல்லை. அருந்ததி என்ற பிள்ளைக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

ஆகவே நான் எழுதுகிறேன். மலர்க்குழுவுக்கு அனுப்புவேன். அவர்கள் போடாவிட்டால் என் பேத்தி இணையத்தில் போடுவாள். பிறிஜெற் இப்போது என் சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால்தான் இருக்கிறாள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, கையில் கேக்கோடு வந்திருக்கிறாள். எழுதியதை வாசித்துக் காட்டுவேன், பிழை இருந்தால் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"என்னத்துக்கு மிஸ் பழசக் கிளறுறீங்க?" என்கிறாள்.

"நீர் தேத்தண்ணியைக் குடியும், பிறிஜெற்."

அவள் பிறந்தது கொட்டாஞ்சேனையில். தகப்பன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். மத்தியானச் சைரன் ஊதும்போது அவருடைய சாப்பாட்டுக் கரியர் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். அதைக் கொண்டுபோவது பிறிஜெற்றின் வேலை. தாய் சோற்றை எப்போதும் பிந்தித்தான் வடிப்பாள். அதனால் சைரன் ஊதத் தொடங்கும்போது பிறிஜெற் வீட்டு வாசலிலும், ஊதி ஓயும்போது துறைமுக வாசலிலும் இருப்பாள். குழம்பு ஒரு துளி சிந்தாது. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் நம்பினதில்லை. நம்பாதவர்கள் அவளை எங்கள் மைதானத்தில், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் துரத்தியபோது பார்த்திருக்க வேண்டும்.

உடற்பயிற்சிக் கலாசாலையில் படித்து முடித்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்து மனிதர்கள். முதல் நாளே ஒருத்தி கேட்டாள், "எந்த இடம் மிஸ்?" பிறிஜெற் சொன்னாள். "ஓ, கொட்டாஞ்சேனையோ," என்றாள் மற்றவள். அந்த 'ஓ'வில் என்னென்ன இருந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறிஜெற்றுக்கும் தெரிந்தது. அவள் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துத் துடைத்தாள். கறுப்புச் சப்பாத்துக் கயிற்றில் கோத்த விசில். கலியாண வீட்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவாள் என்று நான் சொல்லுவதுண்டு. அது பொய். செத்த வீட்டுக்குத்தான்.

யுத்தம் தொடங்கிய பிறகு விளையாட்டுப் போட்டி வைப்பதே பெரிய பாடு. எங்களுக்குச் சொந்த மைதானம் இல்லை, பாமன்கடைப் பக்கம் ஒன்றை இரவல் வாங்குவோம். பொலிஸ் அனுமதி வேண்டும். பாண்ட் மேளங்களைத் திறந்து காட்ட வேண்டும். ஓட்டம் தொடங்கத் துவக்குச் சுடக் கூடாது. ஒரு வருடம் பழக்கதோஷத்தில் ஒரு மாஸ்டர் சுட்டுவிட்டார். காவலரண் ஆமிக்காரர் மைதானத்துக்குள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்தால் நூறு மீற்றரில் முதலாமிடம் அவர்களுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறிஜெற் இரண்டு பலகைகளுக்குப் பிணைச்சல் பூட்டிச் செய்வித்தாள். அதை விரித்து 'டப்' என்று அடித்தால் பிள்ளைகள் ஓடுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் அடையாள அட்டையைக் காலுறைக்குள் செருகி வைத்திருக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம். "அணிநடையில கால் தப்பலாம், அட்டை தப்பக் கூடாது," என்பாள்.

அவள் உண்டாக்கிய இன்னொரு வழக்கம்தான் இந்தக் கதைக்கு வேண்டியது. மற்றப் பள்ளிக்கூடங்களில் வென்ற பிள்ளை சுழற்கிண்ணத்தைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பைக்குள் போடக் கூடாது. சிரேஷ்ட பிரிவில் முதலாவதாக வந்தவள் கிண்ணத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுடைய விளையாட்டு இல்லத்துப் பிள்ளைகள் பின்னால் வர, வீட்டு வாசல்வரை நடந்து போக வேண்டும். வழியில் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்கள், மாடியிலிருந்து யாராவது மிட்டாய் எறிவார்கள். ஒரு வருடம் அது அவளுடைய வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும். அடுத்த போட்டிக்கு முன் பெயர் வெட்டி, மினுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம். சனம் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியதும் கிண்ணங்களும் வெளிக்கிட்டன. அஞ்சல் ஓட்டக் கிண்ணம் ரொறன்ரோவில் குடியேறியது. வலைப்பந்தாட்டக் கேடயம் சிட்னியில். உயரம் பாய்தல் ஜேர்மனியில் அகதி அந்தஸ்துக் கேட்டிருப்பதாகக் கேள்வி. பிறிஜெற் பள்ளிக்கூடம் விட்டதும் ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போவாள். கேற்றில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர், "அவை போன கிழமை வெளிநாடு போட்டினம் மிஸ்," என்பார். கவனியுங்கள், இப்படிப் போனவர்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர், கேற்றில் பெயர்ப் பலகை போட்டவர்கள். கடைசியாய்ப் போனது சிரேஷ்ட பிரிவின் பெரிய வெள்ளிக் கிண்ணம். அதை லண்டனுக்குக் கொண்டுபோனவள் பாலசுந்தரத்தின் மூத்த மகள்.

பாலசுந்தரம் வெட்கப்பட்டாரா? புதுக் கிண்ணம் ஒன்று வாங்கி, தன் தாயாரின் பெயரை அதில் பெரிய எழுத்தில் வெட்டுவித்து, பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்புச் செய்தார். மகள் கொண்டுபோனதற்குத் தகப்பன் ஈடு கொடுத்தது. அதற்கு நாங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவர்களில் நானும் ஒருத்தி, மற்றப் பக்க நுனியைப் பிடித்தேன். இப்போது நினைத்தாலும் கை அரிக்கிறது.

அந்த வருடங்களில்தான் இடம்பெயர்ந்த சனம் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. வெள்ளவத்தை லொட்ஜுகளில் ஒரு அறைக்குள் ஒரு குடும்பம், வெளிநாட்டிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டு இருக்கும். அருந்ததி அப்படி வந்த பிள்ளை. தாய் இரத்தினம்மாவும் அவளும் கடற்கரைப் பக்கம் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். தகப்பன் வன்னியில் நின்றுவிட்டார். தமையன் கனடாவில். பிள்ளை மெல்லிசு, கதை குறைவு. வெறுங்காலோடு ஓடும். எவ்வளவு வேகம் என்றால், ஓடி முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் அவள் கிளப்பிய புழுதி வந்து சேரும். அவள் வந்த வருடமே தாமரை இல்லப் பிள்ளைகள் அவளை இல்லத் தலைவியாக்கினார்கள். ஓட்டத்துக்காக இல்லை, குரலுக்காக. வாய் திறவாத பிள்ளை அணிநடையில் கட்டளை சொன்னால் பாமன்கடைப் பாலத்தில் போகிறவர்களும் கால் மாற்றி வைப்பார்கள்.

போட்டிக்கு முன் சங்கக் கூட்டம் நடந்தது. அதிபர் சரோஜினிதேவி, பாலசுந்தரம், நாங்கள் சில ஆசிரியைகள், ஒரு தட்டு நிறையப் பொரித்த பற்றிஸ். பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

"புதுக் கிண்ணத்துக்கு ஒரு சின்ன ஒழுங்கு வைக்கவேணும். நிரந்தர விலாசம் உள்ள பிள்ளையள் வழமைபோலக் கொண்டுபோகட்டும். லொட்ஜிலை இருக்கிறதுகள் மேடையிலை வாங்கி, படம் எடுத்துப்போட்டு, மேசையிலை திருப்பி வைச்சால் காணும். அதுகள் இண்டைக்கு இஞ்சை, நாளைக்கு எந்த நாடோ."

அதிபர் தலையாட்டினார். நல்ல மனுசிதான். ஆனால் அன்பளிப்புக்காரருக்கு முன்னால் அவருடைய கழுத்து ஒரு பக்கமாகத்தான் அசையும்.

பிறிஜெற் கேட்டாள், "எல்லாருக்கும் ஒரே சட்டமா வச்சா என்ன ஐயா? யாருமே வீட்டுக்குக் கொண்டுபோக வேணாம்."

"அதெப்பிடி மிஸ்? பிள்ளையளின்ரை உற்சாகம் குறைஞ்சுபோகுமெல்லோ."

"லொட்ஜில இருக்கிற பிள்ளைட உற்சாகம்?"

"அது வேறை."

"சரி. பழைய கப் எங்க ஐயா இருக்கு?"

எல்லோருக்கும் தெரியும் அது எங்கே என்று. எல்லோரும் பற்றிஸைப் பார்த்தார்கள், பற்றிஸ் பதில் சொல்லும் என்பதுபோல.

"அது லண்டனிலை மகளிட்டை இருக்கு," என்றார் பாலசுந்தரம், ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல். "பத்திரமா இருக்கு. அவ அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறா."

நான் எழும்பிப் பேசினேன். கடல் பின்வாங்கும்படி பேசினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என் பேச்சு மின்விசிறியின் சத்தத்தைத் தாண்டிப் போகவில்லை. "டீச்சருக்கு இளகின மனம்," என்று சொல்லி எனக்கு ஒரு பற்றிஸ் தந்து இருத்திவிட்டார்கள். தீர்மானம் நிறைவேறியது. லொட்ஜ் என்ற சொல்லை அதிபர் மறுநாள் காலைக் கூட்டத்தில், ஒலிவாங்கியில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னார். வரிசையில் நின்ற லொட்ஜுப் பிள்ளைகள் சிலர் கால் விரலைப் பார்த்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சீருடை வெள்ளை. அதைப் போட்டால் யார் எந்த வீடு என்று தெரியக் கூடாது என்றுதான் சீருடையே வைத்தது.

இடைவேளையில் அருந்ததி பிறிஜெற்றைத் தேடிக்கொண்டு வந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மிஸ், என்ரை அம்மா கிரவுண்டுக்கு வரமாட்டா," என்றாள். "பொலிஸிலை பதியப் போறதுக்கும் கோயிலுக்கும் தவிர அவ லொட்ஜை விட்டு இறங்கிறேல்லை. றோட்டிலை யாரும் மறிச்சுக் கேட்டால் அவவுக்குச் சிங்களம் வராது, பயம். கிண்ணம் அறைக்கு வந்தால்தான் அவ பாப்பா."

"மொதல்ல ஓடுங்க பிள்ளை," என்றாள் பிறிஜெற். "மத்தத பிறகு பார்ப்போம்."

"வெண்டால் தருவினமோ?"

பிறிஜெற் விசிலைத் துடைத்தாள்.

போட்டி நாள் நல்ல வெயில். முல்லை இல்லத்தின் கூடாரம் கோயில் கோபுரம் மாதிரி, செவ்வந்தி இல்லத்தினுடையது கலங்கரை விளக்கம் மாதிரி. தாமரை இல்லப் பிள்ளைகள் கிடுகும் கடதாசியும் வைத்து ஒரு பெரிய தாமரையைச் செய்திருந்தார்கள். அதை ஆமிக்காரர் குத்திப் பார்த்ததில் ஒரு இதழ் தொங்கியது. பிறிஜெற் பலகையை அடித்தாள், பிள்ளைகள் ஓடினார்கள். நூறு மீற்றரில் அருந்ததி. இருநூறில் அருந்ததி. நீளம் பாய்தலிலும் அவள்தான். மணல் கிடங்கு தீர்ந்துபோய் அங்கால் புல்லில் விழுந்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் அவளுடைய பெயர் வர வர மேடையில் இருந்த பாலசுந்தரம் கதிரை நுனிக்கு வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் கோட்டுப் போட்டிருந்தார், மலரில் இருக்கிற அதே கோட்டு.

பரிசளிப்பு. இல்லங்கள் மேடைக்கு முன்னால் அணிவகுத்து நின்றன. பிரதம விருந்தினரான வைத்திய அம்மா கிண்ணத்தை அருந்ததியின் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள். பிள்ளை படியிறங்கித் தன் இல்லத்துக்கு முன்னால் போய் நின்றாள், இல்லத்தோடு சேர்த்து இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று. பாலசுந்தரமும் பின்னாலேயே படியிறங்கினார். கிண்ணத்தை வாங்க இரண்டு கையையும் முன்கூட்டியே நீட்டிக்கொண்டு போனார். பந்தியில் பாயாசத்துக்குக் கை நீட்டுகிறவரைப் போல இருந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு தாய்கூட, "விடுங்கோ, பிள்ளை கொண்டுபோகட்டும்," என்று சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. எத்தனை தாய்மார், எத்தனை பட்டுச் சேலை.

அப்போது விசில் கேட்டது. நான் மைதானத்தின் மற்ற மூலையில், புள்ளி எழுதுகிற மேசையில் இருந்தேன். பாண்ட் பிள்ளைகள் வேறு மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பிறிஜெற்றின் விசில் யாருக்குக் கேளாது? நீளமாய் ஒன்று ஊதினாள். அணி நட என்று அர்த்தம். தாமரை இல்லம் ஒரே உடம்பாய்த் திரும்பியது. கூடாரப் பக்கம் இல்லை, கேற்றுப் பக்கம். அருந்ததி முன்னால், கிண்ணம் தலைக்கு மேலே. பாண்ட் பிள்ளைகளுக்கு ஒரு அணி நடந்தால் அடிக்காமல் இருக்க முடியாது, அவர்களும் அடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். பாலசுந்தரத்தின் கை நீட்டியபடியே நின்றது. சேலையைச் சொருகிக்கொண்டு பிறிஜெற் ஓடி அணிக்கு முன்னால் போய்விட்டாள். நான் புள்ளி மேசையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

காவலரணில் மறித்தார்கள். மறிக்காமல் விடுவார்களா, ஊர்வலத்துக்கு அனுமதி இல்லாத காலம். துவக்கோடு நின்ற இளம் பொடியன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். "மொகத மே?" என்று கேட்டான், இது என்ன என்று.

பிறிஜெற் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் சொன்னாள், "அபே லமயா பளவெனியா, மாத்தயா." எங்கள் பிள்ளை முதலாவது.

பிள்ளைகள் எல்லோரும் காலுறைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து நீட்டினார்கள். அவன் அதைப் பார்த்து முதலில் திகைத்து, பிறகு சிரித்தான். ஒன்றிரண்டைப் பார்த்தான். அருந்ததியின் பொலிஸ் பதிவுத் துண்டையும் பார்த்தான். கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தான், திருப்பி அவளுடைய கையிலேயே கொடுத்தான். "யன்ன," என்றான். போங்கள்.

இதை நான் அடிக்கோடிட்டு எழுதுகிறேன். துவக்குப் பிடித்தவன் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான். பொன்னாடை போர்த்திய எங்கள் பெரியவர், கிண்ணம் எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்டார். அந்தப் பொடியன் வேறு நாட்களில் வேறு பிள்ளைகளை என்ன பாடுபடுத்தினானோ தெரியாது, அவனுக்கு நான் நற்சான்று எழுத வரவில்லை. அன்றைக்கு நடந்தது இதுதான்.

நாங்கள் தாண்டிப் போகப் பின்னால் ஒரு சத்தம். பாலசுந்தரம் மூச்சு வாங்க ஓடி வந்திருக்கிறார். அவரிடம் அட்டை கேட்டார்கள். கோட்டுப் பையில் கையை விட்டார், காற்சட்டைப் பையில் விட்டார். அட்டை வீட்டில், நாளாந்தம் போடுகிற சேட்டுப் பையில் இருக்கிறது. விழாக் கோட்டுக்குள் மாறினவர் அட்டையை மாற்ற மறந்துவிட்டார். நிரந்தர விலாசக்காரர் றோட்டோரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பிறிஜெற் திரும்பிப் போனாள். நான் என்றால் போயிருக்கமாட்டேன். "இவர் எங்கட ஸ்கூல் ஆள், எங்களோட வர்றவர்," என்று சிங்களத்தில் சொன்னாள். "உங்களோடு வருகிறவர் என்றால் உங்களோடேயே கூட்டிக்கொண்டு போங்கள், இங்கே நிற்க விடாதீர்கள்," என்றான் பொடியன். ஆகவே பெற்றார் ஆசிரியர் சங்கத் தலைவர், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, பாண்டுக்கும் எனக்கும் நடுவில் நடந்து லொட்ஜ் வாசலுக்கு வந்து சேர்ந்தார். இந்தப் படம்தான் மலரில் வந்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை.

லொட்ஜ் மனேஜர் ஹுசைன் நானா மேளச் சத்தத்துக்கு முதலில் கதவைச் சாத்தினார், சுற்றிவளைப்பு என்று நினைத்து. பிறகு இடுக்கால் கிண்ணத்தைக் கண்டு திறந்தார். இரத்தினம்மா மாடிப்படியில் பாதியில் நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற கோட்டுக்காரரைப் பார்த்து, யாரோ பெரிய ஆள் கொண்டுவந்து தருகிறார் என்று நினைத்துக் கும்பிட்டாள்.

"அம்மா, அவர் தரேல்லை," என்றாள் அருந்ததி. "நான் வெண்டது."

இரத்தினம்மா படியிறங்கி வந்து கிண்ணத்தைத் தொட்டாள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள், அதில் ஒரு அழுக்கும் இல்லை. அறையில் வைக்க இடம் காணாது, ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தான். ஹுசைன் நானா அறைத் திறப்புகள் தொங்குகிற பலகைக்குக் கீழே, தன் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். லொட்ஜிலிருந்த அவ்வளவு சனமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. சிலர் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

பாலசுந்தரத்துக்கு இரத்தினம்மா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் போகும்போது, "கவனமா வைச்சிரு பிள்ளை," என்றார்.

"ஓம் அங்கிள்," என்றாள் அருந்ததி. "உங்கடை மகளைப் போலை பத்திரமா வைச்சிருப்பன்."

வாய் திறவாத பிள்ளை என்று முன்னே எழுதினேன். அந்த வரியை வெட்டமாட்டேன், இருக்கட்டும்.

அடுத்த போட்டிக்கு முன்னரே அவர்களுக்குக் கனடாவுக்கு வழி வந்தது. போவதற்கு முதல் அருந்ததி தாயையும் கூட்டிக்கொண்டு, மட்டக்குளி பஸ்ஸில், கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றின் வீட்டுக்கு வந்தாள். பெயர் வெட்டி, மினுக்கின கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள், பைக்குள் போடாமல். லொட்ஜை விட்டு இறங்காத இரத்தினம்மா அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தாள் என்றால் பாருங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் வெளிநாடு போன பிள்ளை ஒன்று திருப்பிக் கொடுத்த கிண்ணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இன்றைக்கும் அதிபரின் அறையில் இருக்கிறது. லண்டன் கிண்ணம் இன்னும் பத்திரமாகவே இருக்கிறது, லண்டனில். காவலர் என்று யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று மலரை இன்னொரு தடவை புரட்டிப் பாருங்கள்.

இவ்வளவையும் நான் குரலெடுத்து வாசித்து முடித்தேன். பிறிஜெற் கேக்கை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா நான் நீளமா ஒண்ணும் ஊதல்ல."

"விசில் எனக்குக் கேட்டது, பிறிஜெற்."

"நீங்க அந்த மூலையில இருந்தீங்க. கமாண்ட் குடுத்தது அந்தப் பிள்ளை. அவர் கைய நீட்டிட்டு வந்தாரு, அவ கப்பை மேல தூக்கிட்டா. தாமரை இல்லம், வலப்பக்கம் திரும்பு, நேரே நட. அவ்வளவுதான். என்னையக் கேக்கவும் இல்ல, பார்க்கவும் இல்ல."

"அப்ப விசில்?"

"ஊதினேன் தான். கட்டை கட்டையா, விடாம ஊதினேன். வெளிய செக்பொயிண்ட் இருக்கு, பிள்ளைங்கள என்ன செய்வாங்களோன்னு எனக்கு நெஞ்சு பதறிச்சு. அது நிக்கச் சொல்லி ஊதினது, மிஸ். ஒருத்தியும் நிக்கல்ல."